எடுத்த இடத்தைச் சொல்லுதல்: பல்கலைக்கழக ஆய்வேடுகளும் மேற்கோள் முறையும்

இறுதியாண்டு ஆய்வேடுகளைத் திருத்தும்போது பென்சிலால் நான் அதிகம் வட்டமிடுவது பிழையான சொற்களை அல்ல, திடீரென மாறும் சொற்களைத்தான். இருபது பக்கம்வரை ‘அறபு’ என்று எழுதிவந்த மாணவர் இருபத்தோராம் பக்கத்தில் ‘அரபு’ என்று எழுதுவார். முன்பக்கத்தில் கலாநிதியாக இருந்தவர் அடுத்த பக்கத்தில் முனைவராகி நிற்பார். இரண்டு பந்தி கழிய மீண்டும் நம்மூர்த் தமிழ் வந்துவிடும். நடுவில் உள்ளது கடல் தாண்டி வந்த பந்தி என்று கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.

கூப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “பின்னால உசாத்துணையில அந்தப் புத்தகத்தப் போட்டிரிக்கன்தானே சேர்?”

பொய்யில்லை, போட்டுத்தான் இருப்பார். நம் பிள்ளைகளில் பலர் களவெடுக்கும் எண்ணத்தோடு எழுதுவதில்லை என்பது என் அனுபவம். பதின்மூன்று வருடப் பாடசாலைக் காலத்தில் ஆசிரியர் தந்த குறிப்பை அப்படியே மனனம் பண்ணி எழுதியதற்குத்தான் புள்ளி கிடைத்தது. “இதை யார் சொன்னது?” என்று விடைத்தாளில் எவரும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அதே பழக்கத்துக்கு எழுத்துத் திருட்டு என்று பெயர் வைத்தால் பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்? ஆனால், திகைப்பு ஆய்வேட்டைக் காப்பாற்றாது. ஆகவே விஷயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இறுதியில் வரும் உசாத்துணைப் பட்டியல் நான் எவற்றை வாசித்தேன் என்று சொல்கிறது. எந்த வாக்கியம் என்னுடையது, எது மற்றவருடையது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது அந்த வாக்கியத்தின் அருகிலேயே வரும் பெயரும் ஆண்டும் பக்கமும், அல்லது அடிக்குறிப்பு. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

அப்படியென்றால் ஒவ்வொரு வரிக்கும் பெயர் போட வேண்டுமா? வேண்டாம். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள் என்பதற்கு மேற்கோள் தேவையில்லை. பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால், செனரத் மன்னன் 1626இல் நான்காயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று எழுதினால் கட்டாயம் தேவை. அந்த நான்காயிரத்தை எண்ணியது யார், எந்த ஏட்டில் எழுதியது, அவருக்கு எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்பார். “எல்லாரும் எழுதிரிக்காங்களே சேர்” என்பது சான்றல்ல. எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கலாம்.

அடுத்தது, சொல் மாற்றும் வித்தை. என் விரிவுரைக் குறிப்பு ஒன்றிலிருந்து நான்கு வாக்கியங்களைத் தருகிறேன்:

அறபுத் தமிழ் தனி மொழியன்று. தமிழை அறபு எழுத்தில் எழுதும் முறை. தமிழில் இல்லாத அறபு ஒலிகளைப் பிழையின்றிக் காட்ட அது உதவியது. அந்த வசதியே அந்நூல்களைப் பிற தமிழ் வாசகரிடமிருந்து மறைத்தும் வைத்தது.

மாணவர் கையில் இது இப்படி ஆகும்: ‘அறபுத் தமிழ் ஒரு தனியான பாஷை அல்ல. அது தமிழை அறபு லிபியில் எழுதுவதாகும். தமிழில் காணப்படாத அறபு உச்சரிப்புகளைத் தவறின்றி வெளிப்படுத்த அது துணைபுரிந்தது. எனினும் அவ்வசதியே அந்நூல்களை ஏனைய தமிழ் வாசகர்களிடமிருந்து ஒளித்தும் வைத்தது.’

மொழி பாஷையானது, எழுத்து லிபியானது. வாக்கியத்தின் எலும்பு அப்படியே கிடக்கிறது. இது சொந்த எழுத்தில்லை. முடிவில் என் பெயரைப் போட்டாலும் குறை தீராது. கருத்து மட்டுமே என்னுடையது, வாக்கியம் தன்னுடையது என்று வாசகரை நம்பவைக்கிறது அல்லவா? சரியான வழி, மூலத்தை மூடி வைத்துவிட்டு விளங்கியதை எழுதுவது. முதல் மூன்று வாக்கியங்களில் உள்ளவை துறை அறிந்த எவரும் சொல்லும் செய்திகள். நான்காவது ஒருவருடைய அபிப்பிராயம், மறுக்கக்கூடியது. பெயர் அங்கேதான் விழ வேண்டும்: ‘எழுத்து வேறுபாடு இந்நூல்களின் வாசகர் வட்டத்தைச் சுருக்கியது என இன்னார் கருதுகிறார்’ என்று எழுதி, ஆண்டும் பக்கமும் தந்து, அதன்பின் நீங்கள் உடன்படுகிறீர்களா இல்லையா என்று சொல்லுங்கள். என் கருத்தை மறுத்து எழுதிய மாணவருக்கு நான் நல்ல புள்ளி கொடுத்திருக்கிறேன். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிப் போடுவதற்கும் இதே விதிதான். மொழி மாறியதால் உரிமையாளர் மாறிவிடுவதில்லை.

பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவதை நான் கூடுதல் குற்றமாகவே எண்ணுகிறேன். இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றிப் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியிட்ட கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பும் நமது ஆய்வேடுகளில் வராத வருடமில்லை. அடிக்குறிப்பில் றோயல் ஆசிய சங்கச் சஞ்சிகை என்று கம்பீரமாக இருக்கும். “அந்தச் சஞ்சிகைய எங்க பார்த்தீங்க?” என்று கேட்டால் தலை குனியும். இன்னொருவருடைய நூலிலிருந்து அடிக்குறிப்போடு சேர்த்து எடுத்ததுதான். இஸ்லாமிய கற்கை மாணவருக்கு இதை விளக்க எனக்கு ஒரு சொல் போதும்: தத்லீஸ். நடுவிலுள்ள அறிவிப்பாளரை மறைத்து, மேலே உள்ளவரிடம் நேரே கேட்டதுபோலத் தோற்றம் காட்டுவது. ஹதீஸ் வகுப்பில் அதைக் குறையென்று படித்துவிட்டு, பக்கத்து வகுப்பில் அதையே செய்கிறோம். ‘இராமநாதன் 1888, இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் இல்லை. அஸீஸின் நூலை 1957 மறுபதிப்பில் வாசித்தால் இரண்டு ஆண்டுகளையும் போடுங்கள். பக்க எண் மறுபதிப்புக்கு உரியது, வாதம் 1907க்கு உரியது.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏ.பி.ஏ. முறை குடும்பப் பெயரை முன்னால் கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? எம்.எம். உவைஸை ‘உவைஸ், எம்.எம்.’ என்று எழுதிவிடலாம். அப்துல் அஸீஸை வெட்டி ‘அஸீஸ்’ என்ற பகுதியை மட்டும் முன்னால் வைத்தால் பொருளே கெட்டுவிடும். அப்துல் என்பது ‘அடிமை’ என்ற பாதி. மறுபாதியை விட்டுப் பிரியாது. சேர்த்தே ‘அப்துல் அஸீஸ், ஐ.எல்.எம்.’ என்று எழுதுங்கள். அதுபோல ஹதீஸுக்கு ‘புஹாரி’ என்று மட்டும் போட்டு நிறுத்த வேண்டாம். ஒரு பதிப்பின் இலக்கம் மற்றொரு பதிப்பில் வேறு ஹதீஸில் போய் நிற்கும். நூல், பாடம், பதிப்பு, இலக்கம் எல்லாம் வேண்டும்.

இதெல்லாம் மேலைத்தேயத்தார் நமக்குப் போட்ட விலங்கு என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தி, நூலாசிரியனையும் திருடனையும் பிரித்துக் காட்டவென்றே தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் பேச்சை மாற்றினார்.

டர்னிட்டின் போன்ற மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது காட்டுவது ஒற்றுமையை, திருட்டை அல்ல. முறையாகத் தந்த மேற்கோளும் அதன் வீதத்தைக் கூட்டலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சானதும், படமாக மட்டும் வருடிய பழைய நூலும் அதன் கண்ணில் படாமல் போகலாம். வீதம் குறைவு என்பதால் நிம்மதியடைய வேண்டாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கும் உசாத்துணைகள் இன்னும் ஆபத்து. நூலின் பெயர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நூல் மட்டும் உலகத்தில் இராது.

மென்பொருளுக்கு எட்டாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைப் பற்றி ஆய்வேடு செய்த ஒரு மாணவி, நாற்பது கவிகளைக் கள ஆய்வில் தானே சேகரித்ததாக எழுதியிருந்தார். ஒரு கவியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. என்னிடமுள்ள பழைய தொகுப்பொன்றிலும் அதே இடத்தில் அதே எழுத்து இல்லை. அது அச்சுக்கோத்தவர் விட்ட பிழை. எந்த உம்மும்மாவும் அப்படிப் பாடியிருக்க மாட்டார். தொகுத்தவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். சைக்கிளில் ஊரூராகத் திரிந்து, சொந்தக் காசில் அச்சிட்டு, விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்தபடியே மௌத்தானவர். அவருடைய உழைப்புக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கக்கூடியது ஓர் அடிக்குறிப்புத்தான். அதையும் எடுத்துவிட்டால் அவர் திரிந்ததற்கே தடயமில்லை.

மாணவியிடம் தொகுப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “இப்ப என்ன சேர் செய்யிற?” என்றார். தொகுப்பைக் கையோடு கொண்டுபோய், அந்த ஊர்களில் இப்போது யாருக்கு எது நினைவிருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். பாடியவரின் சம்மதம், பெயர், வயது, ஊர், பாடிய திகதி எல்லாவற்றையும் குறிக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து வந்த ஆய்வேட்டில் கவிகள் இரண்டு நிரலாக இருந்தன. இடப்பக்கம் அந்த ஆசிரியரின் தொகுப்பும் பக்க எண்ணும், வலப்பக்கம் இன்று பாடுகிறவர்களின் பாடம். நாற்பதில் பதினொன்றுக்கு வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.