கடைக் குத்தகையும் விலகும் உரிமையும்

எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெலிமடைக் கடைவீதியில் உரக்கடை வைக்க ஐந்தாண்டுக் குத்தகை எழுதினார். வாடகையையும் முற்பணத்தையும் பேசித் தீர்த்தவர், தவணை முடியுமுன் விலகும் வழியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளையும் இவ்வூரில், மூட்டையில்லாத உரக்கடைக்கு வேலை என்ன? நவம்பரில் தடை நீங்குமுன் கைமுதல் கரைந்துவிட்டது. சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, “உறுதியில் உள்ளதைத்தானே தம்பி கேட்கிறேன்” என்றார் கடைச் சொந்தக்காரர். அவர் கூறியதில் பிழையில்லை. பூட்டிய கடைக்கு 2025 வரை வாடகை கட்டியதில் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆதலால், “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்னும் வாய்ச்சொல்லை நம்பியிருத்தல் ஆகாது. நம் நாட்டில் வழங்கும் உரோம டச்சுச் சட்டம், வெள்ளம் போன்ற பேரிடரால் கட்டடம் பயன்படாது போனால் வாடகைக் குறைப்புக்கு இடமளிக்கும். வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்கு இடமளியாது.

அண்மையில் அவர் வேறொரு கடைக்கான குத்தகை வரைவுடன் எம் இல்லம் வந்தார். “விலகும் உரிமை கேட்டால் கடையே தரமாட்டார், சேர்” என்று தயங்கினார். சொந்தக்காரரின் அச்சந்தான் யாது? கடை வெறுமையாய்க் கிடக்குமே என்பதே. ஆகவே, முதற் பதினெட்டு மாதங்கள் விலகுவதில்லை, அதன்பின் பதிவுத்தபாலில் மூன்று மாத அறிவித்தல் என்று கேட்கச் சொன்னோம். ‘கடை நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டால் மாத்திரமே விலகலாம்’ என்றிருந்த வரியை அடித்துவிட்டோம். உடைந்த ஓடு ஒன்றைக் காட்டி விலகலையே மறுத்துவிட அது போதுமே! சேதத்தை முற்பணத்திற் கழிக்கட்டும்.

மிச்ச முற்பணத்தையும் மறக்கலாகாது. இலண்டனில் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2012 ஜனவரியில் இவ்வாறே குத்தகையிலிருந்து விலகிற்று. காலாண்டு வாடகை முழுவதும் முன்னரே கட்டப்பட்டிருந்தது. விலகிய நாளுக்குப் பிந்திய தொகையைத் திருப்பிக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் அவ்விதம் இல்லையென 2015இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தரணிகள் சூழ்ந்த கம்பனிக்கே இக்கதி!

சொந்தக்காரர் மூன்று மாதத்தை நான்காக்கினார், ஏனையவற்றுக்கு இணங்கினார். மிச்ச முற்பணம் முப்பது நாளில் திருப்பப்படும் என்ற வரியை நொத்தாரிசு எழுதி முடிக்கும்வரை எம் மாணவர் பேனாவைத் தொடவில்லையாம்.