பூட்டனைத் தேடி நூலகத்துக்கு

யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் முன்னோரைத் தேடப் புறப்படுகிறவருக்கு நினைவு மலரைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்து வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தைப் பழைய ஆட்கள் 'கல்வெட்டு' என்பார்கள். தேவாரமும் சிவபுராணமும் இருப்பதால் சாமியறையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இறந்தவர் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், பெண்ணெடுத்த குடும்பம் எல்லாம் அதற்குள் இருக்கும். சில மலர்களில் பல தலைமுறைக்கு வம்சாவளியே வரைந்திருப்பார்கள்.

யுத்தமும் இடப்பெயர்வும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளை இல்லாமல் ஆக்கின. 1981 மே 31 இரவு வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. நினைவு மலர்கள் தப்பியதற்குக் காரணம், அவை ஓரிடத்தில் குவிந்து கிடக்காததே. அச்சான பிரதிகள் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போய்விட்டன. பிறகு அந்த உறவினரோடு கடலும் கடந்தன. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இப்படிச் சிதறியவற்றைச் சேர்த்து, ஸ்கேன் செய்து, நினைவு மலர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. யாரும் காசில்லாமல் வாசிக்கலாம்.

அங்கே தேடும்போது பூட்டனின் பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, இல்லையென்று திரும்பிவிடாதீர்கள். அவருக்கு மலரே அச்சிடாமல் இருந்திருக்கலாம். அவருடைய தம்பிக்கு, சகலனுக்கு, சம்பந்திக்கு அச்சிட்டிருப்பார்கள். அதில் ஒரு வரியில் உங்கள் பூட்டன் வந்து நிற்பார். ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடி, அந்த ஊர் மலர்களைப் பொறுமையாகப் புரட்டுவதே பலன் தரும் வழி. அதற்கு முன் வீட்டில் வயதானவர்களிடம் பட்டப்பெயரைக் கேட்டு வையுங்கள். ஓர் ஊரில் பல கந்தையாக்கள் இருப்பார்கள். பரியாரி கந்தையாவா, வாத்தியார் கந்தையாவா என்று தெரியாமல் தேடினால் வேறொருவரின் பரம்பரைக்குள் போய்விடுவீர்கள்.

மலரின் முன்பக்கத்தில் படத்துக்குக் கீழே திதி வெண்பா இருக்கும். அதை அலங்காரம் என்று தாண்டிப் போகக் கூடாது. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நாலு வரிக்குள் அடங்கியிருக்கும். ஆண்டு அறுபது வருடச் சுழற்சியில் வருவது. 'விகாரி' என்றிருந்தால் 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் விகாரி தை மாதம் 1960-க்குள் விழும். இதைக் கவனிக்காமல் ஆண்டைப் பிழையாக எழுதிய வம்சாவளிகள் உண்டு.

மலர் கிடைக்காவிட்டால் பத்திரிகையின் மரண அறிவித்தலுக்குப் போக வேண்டும். வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வருகின்றன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். எங்கள் மரண அறிவித்தலுக்கென்று ஒரு வரிசை உண்டு: பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், மாமன் மாமி, துணை, பிள்ளைகள், சகோதரர், மைத்துனர். ஒரு பந்திக்குள் ஒரு குடும்பமே வந்துவிடும். 'காலஞ்சென்ற' என்ற சொல் யார் பெயருக்கு முன்னால் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பதற்கு அதுவே சான்று.

மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பிய 'மலாயன் பென்சனியர்' வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு புதையல் இருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கில் திறக்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் அங்கே போனார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்ற தளத்தில் சிங்கப்பூர், மலாயாவின் பழைய பத்திரிகைகளை வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-இலிருந்து இருக்கிறது. இடமாற்றம், கேம்பிரிட்ஜ் பரீட்சை முடிவு, கல்யாணம், பிரிவுபசாரம் என்று சின்னச் சின்னச் செய்திகளுக்குள் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். பெயரின் ஆங்கில எழுத்துதான் சோதிக்கும். செல்லையா 'எஸ்'ஸிலும் தொடங்குவார், 'சிஎச்'சிலும் தொடங்குவார். பெயரோடு வேலை பார்த்த ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். பெயருக்கு முன்னாலுள்ள முதலெழுத்து தகப்பனாருடைய பெயருக்குரியது. பெரும்பாலும் அது ஒத்துவந்தால்தான் ஆள் சரி.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பெயரே மாறியிருக்கும். 1823-இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் மாணவர்களுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவர்களின் 'மிஷனரி ஹெரால்ட்' இதழை இணையத்திலேயே வாசிக்கலாம்.

லண்டனுக்குப் படிக்கப் போனவர் யாராவது குடும்பத்தில் இருந்தால் கப்பல் பயணிகள் பட்டியல் உதவும். ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு அங்குள்ள பொது நூலகக் கிளைகளின் கணினிகளில், குடிவழி தேடும் தளமான 'ஆன்செஸ்ட்ரி'யின் நூலகப் பதிப்பு இலவசம். பிரித்தானியத் துறைமுகங்களுக்கு 1878 முதல் 1960 வரை வந்தவர்களின் பெயர்கள் அதில் உண்டு.

இவ்வளவு தேடிய பிறகும் பெண்கள் பாதிக்கு மேல் விடுபட்டிருப்பார்கள். மலர்களில் அவர்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே வருகிறார்கள். அவர்களைக் கண்டெடுக்க நூலகத்தை விட்டுக் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். 1707-இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொத்து. அம்மம்மாவின் சீதன உறுதியைத் தேடி எடுத்தால் காணியின் பெயர், பரப்பு, நொத்தாரிசின் பெயரோடு, அந்தக் காணி யாரிடமிருந்து வந்தது என்பதும் இருக்கும். அங்கிருந்து முன் உறுதியைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த மலரும் சொல்லாத பூட்டிகளும் பெயரோடு வெளியே வருவார்கள்.

மலர்களில் எழுதாமல் விட்டதும் நிறைய. முதல் தாரம், பிறத்தியில் கல்யாணம் செய்து விலக்கி வைக்கப்பட்ட பிள்ளை, கோபத்தில் பிரிந்த தம்பி யாரும் அதில் வரமாட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, அச்சடிக்க வசதியில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களுக்கு மலரே இல்லாதது. காணி இல்லாததால் உறுதியும் இராது. அவர்களுடைய தடம் தேவாலய ஞானஸ்நானப் பதிவிலும் பள்ளிக்கூடச் சேர்விடாப்பிலும் பிறப்புச் சான்றிதழிலும்தான் இருக்கும். பல இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களில் பேரனாரின் பெயரும் அவர் பிறந்த ஆண்டும் இடமும் எழுத இடம் விட்டிருப்பதால், ஒரு தாளிலேயே இரண்டு தலைமுறை பின்னால் போய்விடலாம். ஆகவே அந்தக் குடும்பங்களில் தேடுகிறவர் உயிரோடிருக்கும் மூத்தவரின் சான்றிதழிலிருந்து தொடங்குவது நல்லது.