வாய்க்கால் தவறிய நீர்

“நீர் ஆர், தம்பி?” என்று பெற்றவளே என்னைக் கேட்ட நாள்முதல், அல்சைமர் நோய்பற்றிய செய்தி எதையும் நான் படியாது விடுவதில்லை.

நரம்புக்கலங்களை வளர்க்கும் புரதத்தைக் கண்டறிந்த இத்தாலிய மாது றீற்றா லெவி மொந்தால்சினி, 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2001இல் கலிபோர்னிய மருத்துவர்கள், நோயாளரின் தோற்கலங்களை அப்புரதம் சுரக்குமாறு மாற்றி, அவர்தம் மூளையில் நட்டனர். பின்னர், அப்புரதத்துக்குரிய பரம்பரையலகை வைரசில் ஏற்றிச் செலுத்தும் முறை, 49 பேர் பங்கேற்ற ஆய்வில் சோதிக்கப்பட்டது. பயனில்லை என்றது 2018இல் வெளியான முடிவு.

இறந்தோரின் மூளையை ஆராய்ந்தபோதே உண்மை புலப்பட்டது: மருந்து, உரிய கலங்களைச் சென்றடையவேயில்லை! வாய்க்கால் தவறினால் நீரைப் பழிப்பது முறையோ?

படக்கருவியின் துணையால் இடமறிந்து, வேறொரு வளர்ச்சிப் புரதத்தைக் கொண்டு மீண்டும் முயலத் தொடங்கியுள்ளனர். என் அன்னைக்கு அது காலந்தாழ்ந்த நீர். ஆயினும், பாத்தியறிந்து பாய்ச்ச முனையும் அக்கைகளை வாழ்த்துகிறேன்.