இன்னும் ரெண்டு நடைதான் தாயி

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், வெயிலுக்குப் பயந்து ஒரு கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் ஒதுங்கினேன். கண்மாய்க்குள் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. சிலர் மண்வெட்டியால் வெட்டிப் போட, பெண்கள் சட்டியில் அள்ளிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு, நிறைந்த சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். ஈர மண், அரைச் சிப்பம் அரிசியின் எடையாவது இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் யாருமில்லை. “ஏ தாயி, இன்னும் ரெண்டு நடைதான். எந்திரி” என்று மெதுவாகத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

தூக்கிவிட இன்னொரு பெண் வந்தார். “என்ன அத்தாச்சி, எங்கண்ணன உள்ள ஒளிச்சு வச்சிருக்கீகளா? இந்தக் கனம் கனக்குது!” சுற்றிலும் பத்துப் பேர் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சட்டி தலைக்கு ஏறிவிட்டது.

மொத்தம் பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடிக்குள் இரண்டு நுட்பமான ஏற்பாடுகள் வேலை செய்து முடித்திருந்தன. ஒன்று தன்னிடம் தானே பேசுவது. உளவியலார் இதைத் தற்பேச்சு என்கிறார்கள். இன்னொன்று சிரிப்பு.

தற்பேச்சிலிருந்து தொடங்குவோம். அந்த அம்மா “நான் எந்திரிக்கணும்” என்று சொல்லவில்லை. “தாயி, எந்திரி” என்றார். தன்னையே எதிரில் உட்காரவைத்து, முன்னிலையில் பேசினார். எல்லாச் சூட்சுமமும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈதன் கிராஸ், தம் சகாக்களுடன் செய்த சோதனைகளை 2014-ல் வெளியிட்டார். திடீரென்று மேடையில் பேச வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். தயாராகக் கிடைத்தது ஐந்தே நிமிடம். அந்த நேரத்தில் ஒரு பாதிப் பேர் “எனக்கு ஏன் பயமாக இருக்கிறது?” என்று தன்மையில் யோசித்தார்கள். மறுபாதிப் பேர் தங்கள் பெயரைச் சொல்லி, “உனக்கு ஏன் பயம்?” என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டவர்கள் மேடையில் நன்றாகப் பேசினார்கள். இறங்கிய பிறகு ‘சொதப்பிவிட்டேனே’ என்று புழுங்கியதும் குறைவு.

பக்கத்து வீட்டுக்காரருக்கு யோசனை சொல்வது நமக்கு எவ்வளவு எளிது! நம் சிக்கல் என்று வந்தால்தான் மூளை கலங்குகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் நம் சிக்கல் ஒரு விநாடிக்குப் பக்கத்து வீட்டுச் சிக்கலாகிவிடுகிறது. விநாடி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. 2017-ல் வெளியான மற்றோர் ஆய்வில், மனதைக் கலக்கும் படங்களைக் காட்டியபடி மூளையின் மின்னலைகளை அளந்தார்கள். தன்னைப் படர்க்கையில் வைத்து யோசித்தவர்களுக்கு, ஒரு விநாடிக்குள்ளேயே உணர்ச்சிக் கொந்தளிப்பின் அலை தணிந்தது. இன்னொரு வியப்பும் இருந்தது. மனதை வலிந்து அடக்கும்போது மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் கூடுதலாக உழைக்கும். இங்கே அந்தக் கூடுதல் உழைப்பின் தடயமே தெரியவில்லை. ஒரு பிரதிப்பெயரை மாற்றியதே போதுமாக இருந்தது.

தமிழுக்கு இது புதிய செய்தியே அல்ல. திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘நெஞ்சொடு கிளத்தல்’, அதாவது நெஞ்சோடு பேசுதல். சங்க அகப்பாடல்களில் ‘தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது’ என்ற குறிப்பு அடிக்கடி வரும். எதைப் பற்றி அவன் நெஞ்சோடு வழக்காடுகிறான் என்று பார்த்தால் இன்னும் சுவை. பல பாடல்களில் பேச்சு பொருள் தேடப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதுதான். சுருக்கமாகச் சொன்னால், வேலைக்குப் போகும் மனநிலை பற்றிய தற்பேச்சு. பின்னால் வந்த பட்டினத்தாரும் தாயுமானவரும் நெஞ்சை எதிரில் நிறுத்திப் பேசியவர்களே. அந்தக் கண்மாய்க்கரை அம்மா இதையெல்லாம் படித்திருக்கத் தேவையில்லை. மொழியிலேயே அந்த வழி போட்டுக் கிடக்கிறது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது? மூன்று நான்கு வயதுக் குழந்தை சொப்பு வைத்து விளையாடுவதைக் கவனியுங்கள். “இப்ப அரிசி போடணும், இப்ப கிண்டணும்” என்று வாய்விட்டுத் தனக்கே உத்தரவு போடும். இந்த வாய்ப்பேச்சுதான் வளர வளர உள்ளே இறங்கி, சத்தமில்லாத உள்மொழியாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930-களிலேயே விளக்கினார். உள்ளே இறங்கினாலும் அது முழுக்க அடங்கிவிடுவதில்லை. நாம் மனதுக்குள் பேசும்போது உதட்டிலும் நாக்கிலும் மெல்லிய மின் துடிப்புகள் ஓடுவதைக் கருவிகளால் பிடிக்க முடிகிறது. வேலை கடினமாகும்போது உள்மொழி மறுபடி வாய்க்கு ஏறிவருகிறது. பூட்டைத் திறக்க முடியாதபோது நாம் முணுமுணுப்பது அதனால்தான்.

சரி, முணுமுணுப்பால் உடம்புக்கு நிஜமாகவே வலு கூடுமா? 2014-ல் பிரிட்டனில் 24 பேரை ஆய்வுக்கூடச் சைக்கிளில் ஏற்றி, இனி முடியாது என்று நிறுத்தும்வரை மிதிக்கச் சொன்னார்கள். பிறகு பாதிப் பேருக்கு இரண்டு வாரம் தற்பேச்சு கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் கட்டத்தில் என்ன சொல்லிக்கொள்வது என்பது அவரவர் தேர்வு. மறுபடி ஏற்றினார்கள். முதல் முறை சராசரி 637 விநாடி தாங்கியவர்கள், இந்த முறை 751 விநாடி தாங்கினார்கள். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கூடுதல். கற்றுக்கொடுத்ததோ வெறும் சொற்கள்! அதே மிதி அவர்களுக்குக் குறைந்த சிரமமாகத் தோன்றியதுதான் காரணம். கால் நின்றுபோவதற்கு முன்பே மனம் ‘போதும்’ என்று கணக்கை முடித்துவிடுகிறது. சொல் அந்தக் கணக்கைத் திருத்துகிறது.

சைக்கிள் என்றதும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வேறு நினைவு வரும். 1991-ல் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் சைக்கிள் கற்பதையும் அதன் பகுதியாக்கினார் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் உழைத்தவர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். சைக்கிள் ஓட்டிக்காட்டும் போட்டிகளில் 70,000-க்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளில் ஏறியவர்கள், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பவும் தொடங்கினார்கள்.

அவர்கள் வாயில் ஒரு பாட்டு இருந்தது. அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதியது. அது தங்கச்சியைக் கூப்பிட்டு, சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்கிற பாட்டு. பாடுகிறவள் யார்? கற்றுக்கொண்டிருக்கிற அதே பெண். தன் வாயால் தன்னையே தங்கச்சி என்று அழைத்து, தனக்கே தெம்பு சொல்லிக்கொண்டு மிதிக்கிறாள். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பாடிய தற்பேச்சு அது. ஆய்வுக்கூடச் சைக்கிளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பு, புழுதிச் சாலையில் நடந்த சோதனை என்று நான் அதைச் சொல்வேன்.

ஆனால் எந்தச் சொல்லும் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. 2009-ல் கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர், “நான் நேசிக்கத்தக்கவன்” என்ற வாக்கியத்தைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஏற்கனவே தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்குச் சற்றே நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு முன்பைவிட மோசமானது. வாய் சொல்வதை நெஞ்சு நம்பவில்லை. ‘உன்னால் எல்லாம் முடியும்’ என்று சுவரில் ஒட்டிவைக்கும் வாசகங்கள், யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே குத்தக்கூடும். கண்மாய்க்கரையில் கேட்ட வாக்கியத்தை மறுபடி பாருங்கள். “இன்னும் ரெண்டு நடைதான்.” அதில் பொய்யே இல்லை. அளவு இருக்கிறது, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சு மறுக்க முடியாத வாக்கியம்.

கேள்வியாகக் கேட்டுக்கொள்வதும் நல்ல வழி. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், எழுத்துப் புதிர்களைத் தீர்ப்பதற்கு முன் “செய்வேன்” என்று உறுதி சொன்னவர்களைவிட, “செய்வேனா?” என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிகப் புதிர்களைத் தீர்த்தார்கள். கேள்வி கேட்டால் நெஞ்சு காரணம் தேடத் தொடங்கும். அந்தக் காரணங்கள் தானே கண்டுபிடித்தவை என்பதால் அவற்றை நம்பவும் செய்யும்.

இனி சிரிப்பு. சிரிப்பை அறிவியலாகப் படித்தவர் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன். ஒவ்வொரு ‘ஹா’வும் ஏறத்தாழ ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் நீடிக்கிறது. விநாடிக்கு ஐந்து வீதம் அடுத்தடுத்து வருகிறது. வெளிவிடும் ஒரே மூச்சை, விலா எலும்புத் தசைகள் வெண்டைக்காய் நறுக்குவதுபோல் ஒரே அளவில் நறுக்கித் தள்ளுகின்றன. யாரும் பயிற்சி எடுத்ததில்லை, ஆனாலும் ஊருக்கு ஊர் அதே தாளம்.

தெருவிலும் கடையிலும் 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்தார் அவர். அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வரவில்லை. “சரி, அப்புறம் பார்ப்போம்” என்பதற்குக்கூடச் சிரிக்கிறோம். தனியாக இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம். கண்மாயில் கேட்டதும் அச்சிடத்தக்க நகைச்சுவை அல்ல. பத்துப் பேர் கூடியிருந்ததே சிரிப்புக்குப் போதுமாக இருந்தது.

அந்தச் சிரிப்பு உடம்புக்குள் மருந்தாக இறங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு, சிரிப்புப் படம் பார்த்தவர்களின் கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியும் உறைகுளிர் உறையை மாட்டியும், எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தது. வாய்விட்டுச் சிரித்த பிறகு தாங்கும் அளவு கூடியது. 2017-ல் பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் மூளையையே படம்பிடித்தார்கள். நண்பர்களோடு அரைமணி நேரம் சிரித்தவர்களின் மூளையில் எண்டார்ஃபின் சுரந்திருந்தது. எண்டார்ஃபின் என்பது உடம்பு தானே தயாரிக்கும் வலிநீக்கி. அபினிலிருந்து எடுக்கும் மார்பின் மூளையில் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ, அதே பூட்டுக்கு உடம்பிடம் இருக்கும் சொந்தச் சாவி.

சேர்ந்து செய்யும் உழைப்புக்கும் அதே குணம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் துடுப்பு வீரர்கள், ஒரே அளவு உழைப்பைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிடக் கூட்டாகத் துடுப்பிட்டபோது வலியை அதிகம் தாங்கினார்கள். கூடவே இன்னொரு கணக்கு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913-ல் வெளியிட்ட அளவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தால் கிடைப்பது ஏறக்குறைய நான்கு பேரின் பலம்தான். ஒவ்வொருவரும் கொஞ்சம் தளர்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒருவர் இழுக்கும் நொடியில் மற்றவர் மூச்சு வாங்குகிறார். சேர்ந்து எழுப்பும் ‘ஐலசா’ அப்படிச் சிதறும் பலத்தையெல்லாம் ஒரே நொடிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

இதை அறிந்தபின் மூவர் கோயில் வேறு மாதிரி தெரிகிறது. கல்கியின் நாவலைப் படித்தவர்களுக்கு வானதியின் ஊராகத் தெரிந்த கொடும்பாளூரில், இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களிலும் எடுத்த மூன்று கோயில்கள். கற்றளி என்றாலே கல்லால் கட்டிய கோயில் என்றுதான் பொருள். ஆயிரம் ஆண்டு கடந்தும் இரண்டு விமானங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். அந்தக் கருங்கல்லை ஏற்றிய கூட்டத்தின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. வாயை மூடிக்கொண்டு அவர்கள் அதை ஏற்றியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எல்லாச் சிரிப்பும் மருந்தல்ல. சைக்கிளில் ஏறிய அதே புதுக்கோட்டைப் பெண்கள், ஆபாசமான கேலிகளையும் கேட்டுக்கொண்டுதான் மிதித்தார்கள். கனடா உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003-ல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார். உறவை வளர்ப்பதும் தனக்குத் தெம்பு தருவதும் நல்லவை. பிறரைக் குத்துவதும் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வதும் தீங்கானவை. தமிழ்க் கிராமம் இந்தக் கோட்டை உறவுமுறையிலேயே போட்டுவைத்திருக்கிறது. கேலி பேச முறை வேண்டும். மாமன் மச்சான் பேசலாம், நாத்தனாரும் அத்தாச்சியும் பேசலாம், கோபித்துக்கொள்ள இடமில்லை. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-ல் ‘கேலி உறவு’ என்று விவரித்தது இந்த ஏற்பாட்டைத்தான். உரிமையோடு வருகிற கேலி சட்டியைத் தூக்கிவிடும் கையோடு வருகிறது. அன்று அந்தப் பெண் கேலி பேசிக்கொண்டேதான் சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

ஆகவே, கூலியாட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கும் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேசிச் சிரிக்கிற இடத்தில் போய் “என்ன சத்தம்?” என்று கேட்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு யோசனை. நாளைக்கு மலைப்பான வேலை ஏதாவது காத்திருந்தால், வீட்டில் உங்களைச் செல்லமாக அழைக்கும் பெயரால் உங்களையே ஒருமுறை கூப்பிடுங்கள். இன்னும் எத்தனை நடை என்று உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். பிறகு எழுந்திருங்கள்.