கரீபியத் தீவுகளில் குடியமர்ந்த தமிழர்: குடும்பப்பெயர்களும் வழிபாட்டுச் சொற்களும் காட்டும் பேச்சுத்தமிழ்

முன்னுரை

கடல் கடந்து சென்ற தமிழர் வாழ்வு குறித்த நம் ஆய்வுகள் பெரும்பாலும் இலங்கை, மலேயா, பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நிலப்பரப்புகளையே மையமிட்டுள்ளன. பாரதி பிஜியின் கரும்புத் தோட்டங்களையும், புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களையும், அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’யில் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களையும் எழுதியுள்ளனர். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த குவாதலூப், மர்த்தினீக் என்னும் கரீபியத் தீவுகளுக்குச் சென்றோர் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. அங்கு தமிழ் வீட்டுமொழியாக நிலைபெறாமையும், சான்றுகள் பிரெஞ்சு மொழியில் அமைந்தமையும் இதற்குக் காரணங்களாகலாம். எனினும் அம்மக்களின் குடும்பப்பெயர்களிலும் வழிபாட்டுச் சொற்களிலும் தமிழ் இன்றும் தங்கியுள்ளது. இவை ‘சிதைந்த தமிழ்’ எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. இவற்றுள் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் ஒழுங்கான பதிவு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணமும் ஒப்பந்தமும்

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட உடைமையாளர்கள் வேலையாட்களை நாடி இந்தியாவை நோக்கினர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதம் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியருடன் மர்த்தினீக்கின் சென்-பியேர் துறையை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறைக்கு முதல் குழுவினரைக் கொண்டுசேர்த்தது. புதுச்சேரியும் காரைக்காலும் புறப்பாட்டுத் துறைகளாக விளங்கின. 1861ஆம் ஆண்டு ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் ஆங்கில இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்க்கும் உரிமை பிரெஞ்சியருக்குக் கிடைத்தது. இவ்வழியில் கல்கத்தாவிலிருந்தும் சிலர் சென்றனராதலின் அங்குக் குடியேறிய அனைவரும் தமிழர் அல்லர். எனினும் தமிழ்பேசுவோரே மிகுதி. தோட்டங்களில் நிலவிய கொடுமைகளையும் இறப்புகளையும் காரணங்காட்டி ஆங்கில அரசு 1888இல் இவ்வனுமதியைத் திரும்பப் பெற்றது. அதற்குள் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மர்த்தினீக்குக்கு ஏறத்தாழ 25,500 பேரும் சென்றிருந்தனர்.

பாய்மரக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. அது முடிந்தபின் இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது. ஆயினும் நோயால் இறந்தோரும், மறு ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டோரும் போகத் திரும்பியோர் சிறுபான்மையரே. தற்காலிக வேலைக்கென்று சென்றோர் இவ்வாறே குடிகளாயினர்.

தனிப்பெயர் குடும்பப்பெயராதல்

அக்காலத் தமிழ் உழைப்பாளர்க்கு மேலைநாட்டுப் பொருளில் குடும்பப்பெயர் இல்லை; தம் பெயரும் தந்தை பெயருமே உண்டு. பிரெஞ்சுப் பதிவுமுறையோ தலைமுறைதோறும் தொடரும் ஒரு பெயரைக் கோரியது. ஆகவே கப்பலேறிய ஒருவரது தனிப்பெயர் அவர் வழியினர் அனைவர்க்கும் உரிய குடும்பப்பெயராக உறைந்தது. பிள்ளைகள் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றபோது முன்பெயர் பிரெஞ்சாயிற்று. பின்பெயர் தமிழாகவே நின்றது. குவாதலூப்பின் ஆன்றி சிதாம்பரோம், எர்னெஸ்ட் முத்துசாமி ஆகியோரின் பெயர்கள் இவ்வமைப்புக்குச் சான்று. முத்துசாமி எழுத்தாளர், 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்.

இக்குடும்பப்பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின்படி தமிழில் தந்தால் இரு தொகுதிகள் தெளிவாகப் பிரிகின்றன.

1. மகர ஈற்றுப் பெயர்கள்: சிதம்பரம் – சிதாம்பரோம், வெங்கடாசலம் – விங்கதாசலோம்.
2. னகர ஈற்றுப் பெயர்கள்: வீரப்பன் – விராப்பின்; நாகப்பன் – நாகாப்பின்; சாமிநாதன் – சாமிநாதின்; கோவிந்தன் – கோவிந்தின்.

எழுத்துத்தமிழில் இரண்டிலும் ஈற்றயல் உயிர் அகரமே. பிரெஞ்சில் ஒரு தொகுதி ‘ஓ’ எனவும் மற்றது ‘இ’ எனவும் எழுதப்பட்டது ஏன்? பிரெஞ்சில் ‘இன்’ என்று எழுதப்படும் ஈறு எகரத்தை ஒத்த மூக்கொலி உயிராக ஒலிக்கும்; ‘ஓம்’ என்பது ஒகரத்தை ஒத்த மூக்கொலி உயிராக ஒலிக்கும். பேச்சுத்தமிழிலும் இதுவே நிகழ்கிறது. ‘மரம்’ என்பதன் ஈறு ஒகரச் சாயலும், ‘அவன்’ என்பதன் ஈறு பல வட்டாரங்களில் எகரச் சாயலும் கொண்ட மூக்கொலி உயிராகின்றன. மெய்கள் தனித்து ஒலிப்பதில்லை.

பிரெஞ்சிலும் மூக்கொலி உயிர்கள் இருத்தலால் இத்திரிபு எழுத்தரின் மொழிப்பழக்கத்தால் விளைந்தது எனத் தடை எழுப்பலாம். ஆனால் அகரச் சாயலுடைய மூக்கொலி உயிரும் பிரெஞ்சில் உண்டு. தமிழ் அகரத்தைத் தம் மொழிக்கேற்ப மாற்றியிருப்பின் எழுத்தர் இரு தொகுதிக்கும் அவ்வொன்றையே பயன்படுத்தியிருக்கலாம். ஈற்றில் ஒலியா எழுத்தொன்றைச் சேர்த்து னகர மெய்யை முழுமையாகக் காட்டும் வழியும் அவர்களுக்கு இருந்தது. மகரத்தின்முன் ஒன்றும் னகரத்தின்முன் பிறிதொன்றுமாக வேறுபடுத்தியதற்குப் பிரெஞ்சில் காரணமில்லை. தமிழ்ப் பேச்சில் உண்டு.

வழிபாட்டுச் சொற்கள்

பெயர்ப்பதிவு கப்பலேறும் துறையிலேயே தொடங்கியது. எனவே மேற்கண்ட வடிவங்கள் பிரெஞ்சிந்திய எழுத்து மரபின் விளைவாகவும் இருக்கலாம் என்னும் ஐயம் எஞ்சுகிறது. இதனைத் தீர்க்க எழுத்தைச் சாராது வாய்மொழியாக வந்த சொற்களை நாடவேண்டும். தோட்டங்களில் அனைவர்க்கும் பொதுவான கிரியோல் மொழியும், பள்ளியில் பிரெஞ்சும் இடம்பெறவே, தமிழ் வீட்டை விட்டகன்று வழிபாட்டிடத்தில் ஒதுங்கியது. ஆட்டுப்பலியுடன் கூடிய மாரியம்மன் வழிபாட்டில் பூசாரியும், பாடலை ஓதுவோரும், தப்படிப்போரும் சொற்களைச் செவிவழியாகவே பெற்றனர்.

அங்கு மத்தளம் ‘மத்தலோன்’ எனவும், தாளம் ‘தலோன்’ எனவும், நாடகம் ‘நாத்ரோன்’ எனவும் வழங்குகின்றன. நாத்ரோன் என்பதில் இடைநின்ற ககரம் பேச்சில் உரசொலியாகி, பிரெஞ்சின் அடியண்ண ரகரமாகக் கேட்கப்பட்டிருக்கலாம். மாரியம்மன் ‘மாலியெமென்’ ஆகவும், மதுரைவீரன் ‘மால்தேவிலின்’ ஆகவும் வழங்குகின்றனர். மகர ஈறு ஒகர மூக்கொலியாகவும் னகர ஈறு எகர மூக்கொலியாகவும் மாறும் அதே ஒழுங்கு இங்கும் காணப்படுகிறது. எழுத்துவழி வந்த பெயரும் செவிவழி வந்த சொல்லும் ஒரே விதியைப் பின்பற்றுவதால், அவ்விதி இரண்டிற்கும் முற்பட்ட பொது மூலமாகிய பேச்சுத்தமிழுக்கு உரியதாதல் வேண்டும்.

பேச்சுவழக்கின் வேறு இயல்புகளும் இச்சொற்களில் உள்ளன. ஈற்று ஐகாரம் எகரமாதலால் வடை ‘வதே’ என்றும் வேப்பிலை ‘வெப்பெலே’ என்றும் ஒலிக்கின்றன. மெய்யீற்றின்பின் உகரம் சேர்தலால் வாத்தியார் ‘வாத்தியாலு’ ஆனார். குழம்பு என்பது ‘கோல்பு’ எனவும், தீவுகளின் பொது உணவுப்பெயராகக் ‘கொலொம்போ’ எனவும் வழங்குகிறது. அடுத்த அசையில் அகரம் வரின் முதலுகரம் ஒகரமாதல் பேச்சுத்தமிழ் இயல்பு; ‘கொழம்பு’ என்றே இன்றும் பேசுகிறோம். அடுத்த அசையில் உகரமே வரும் ‘முத்துசாமி’யில் முதலுகரம் திரியாது நிற்பது இவ்விதியை உறுதிசெய்கிறது. இலங்கைத் தலைநகரின் பெயரே உணவுக்கு ஆயிற்று என்னும் பொதுக்கருத்தினும் இவ்விளக்கம் பொருந்துகிறது.

தீவில் நிகழ்ந்த திரிபு

இரு தொகுதிகளுக்கும் பொதுவாகாத திரிபும் ஒன்றுண்டு. விராப்பின், சிதாம்பரோம் முதலிய பதிவுப்பெயர்களில் ரகரம் மாறாது நிற்கிறது. மாலியெமென், மால்தேவிலின், வாத்தியாலு ஆகிய வாய்மொழிச் சொற்களில் அது லகரமாகிறது. தமிழின் வருடொலி ரகரம் கிரியோல் பேசுவோர்க்கு அயலானது. ஆகவே தீவில் பிறந்த தலைமுறையினர் அதனை லகரமாக ஒலித்தனர் எனக் கொள்ளலாம். இருவகைச் சான்றுகளுக்கும் பொதுவானவை கப்பலேறுமுன் தமிழில் இருந்தவை; வாய்மொழிச் சொல்லில் மட்டும் காணப்படுபவை தீவில் விளைந்தவை. இப்பகுப்பு, ஒவ்வொரு வடிவத்தையும் ‘திரிபு’ என்று ஒதுக்குவதைத் தவிர்த்து, பயணத்துக்கு முந்தைய மொழிநிலையையும் குடியமர்வுக்குப் பிந்தைய மொழிநிலையையும் பிரித்தறிய உதவுகிறது.

தெய்வப்பெயர்களுள் நாகூர் மீரான் இடம்பெறுவதும் குறிக்கத்தக்கது. காரைக்காலை அடுத்த நாகூரில் அடங்கியுள்ள, கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் சாகுல் அமீது இத்தீவுகளில் மாரியம்மனை வணங்குவோராலேயே கொடிமரம் நட்டு வழிபடப்படுகிறார். மர்த்தினீக்கில் அவர் பெயரும் ‘மிலா’ என லகரம் பெறுகிறது. கடற்பயணத்தின் நினைவும் புறப்பட்ட கடற்கரையின் அடையாளமும் இவ்வொரு பெயரில் ஒருங்கே நிற்கின்றன.

பெயரும் உரிமையும்

தீவில் பிறந்தும் இந்தியர் வழியினர் நெடுங்காலம் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. 1863இல் கபெஸ்தேரில் பிறந்த ஆன்றி சிதாம்பரோம் அவர்களின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிவுற்றது. அயலார் என ஒதுக்கக் காரணமாயிருந்த பெயர்களைத் துறக்காமலேயே அம்மக்கள் குடியுரிமை பெற்றனர்.

இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் முன்னோரின் ஊர்களைத் தேடுகின்றனர். பிரான்சின் ஏ-ஆன்-புரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகமும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அத்தேடலுக்குரிய இடங்கள். ‘விராப்பின்’ என்பதை வீரப்பன் என்றும், ‘சிதாம்பரோம்’ என்பதைச் சிதம்பரம் என்றும் விதியறிந்து மீட்டாலன்றி ஓர் ஆவணத்தை மற்றொன்றோடு பொருத்த இயலாது. ஓசை ஒப்புமையால் வேறு பெயரைத் தந்துவிட்டால் ஒரு குடும்பத்தின் வழியே தடம்மாறும்.

முடிவுரை

குவாதலூப், மர்த்தினீக் தீவுகளின் குடும்பப்பெயர்களும் வழிபாட்டுச் சொற்களும் ஈற்று மெல்லினத் திரிபில் ஒரே ஒழுங்கைக் காட்டுகின்றன. அவ்வொழுங்கு, எழுதப்படிக்கும் வாய்ப்புப் பெறாத சோழமண்டலக் கரையோர உழைப்பாளரின் பேச்சைச் சார்ந்தது. அக்காலத் தமிழ் நூல்களில் அரிதாகவே பதிவான அப்பேச்சைப் பிரெஞ்சுப் பதிவேடுகளும் தீவுப் பூசாரிகளும் காத்துத் தந்துள்ளனர். கப்பல்வாரியான பெயர்ப்பட்டியல்களை இவ்விதிகளின் துணைகொண்டு தமிழ்வடிவில் மீட்டெடுத்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணி. அது பேச்சுத்தமிழ் வரலாற்றுக்கு வளம் சேர்ப்பதோடு, தம் பெயரின் பொருள் அறியாது வாழ்வோர்க்கு அதனைத் திரும்ப அளிப்பதாகவும் அமையும்.