தேங்காய் மணக்கும் பூசணம்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகக் கிழக்கே போகிறவர்கள் கண்ணில் தென்னையும் நிலக்கடலையும் படாமல் இரா. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் அடித்த கஜா புயல் இத்தோப்புகளில் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டது. ஆயினும் இந்த ஜில்லா தென்னையைக் கைவிடவில்லை. இவ்விரு பயிர்களையும் அண்டி வாழும் பூசணங்களைப் பற்றியே இங்கே கூறப் புகுகிறோம். மணத்தை உண்டாக்குவதும் அவை. இருக்கும் மணத்தைக் குலைப்பதும் அவை.

கடலை விதைக்குமுன் குடியானவர்கள் விதையோடு ஒரு பொடியைக் கலப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். டிரைகோடெர்மா விரிடி என்பது அதன் பெயர். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபாரிசு செய்கிறார்கள். அவர்களுடைய பயறு ஆராய்ச்சி மையம் ஆலங்குடிக்கு அருகே வம்பனில்தான் இருக்கிறது. பொடியில் இருப்பது உயிருள்ள பச்சைப் பூசணம். வேரை அழுகச் செய்யும் துஷ்டப் பூசணங்களை மண்ணிலேயே எதிர்ப்பது அதன் தொழில். வேடிக்கை என்னவென்றால், இவ்வினத்தில் சிலவற்றை ஆராய்ச்சிச்சாலையில் வளர்த்தால், யாரோ பக்கத்தில் தேங்காய் துருவுவது போல் மணக்கும்! அம்மணத்துக்குக் காரணமான பொருளை 1972-ல் காலின்ஸ், ஹலீம் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டனர். அது லாக்டோன் என்னும் வகையைச் சேர்ந்தது. அசல் தேங்காயின் வாசனைக்குக் காரணமும் லாக்டோன்களே. ஆனால் அவை வேறு. தென்னையோடு எவ்வித உறவுமில்லாத பூசணத்துக்கு இந்த மணம் எதற்கு? பிற பூசணங்களின் வளர்ச்சியைத் தடுக்க அது பிரயோகிக்கும் ஆயுதங்களில் இந்தப் பொருளும் ஒன்று.

மணத்தைக் குலைக்கும் பூசணத்தைக் காண வேண்டுமானால் கொப்பரைக் களத்துக்குப் போக வேண்டும். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நூற்றுக்கு 6 பங்கு ஈரமாகக் குறையும்வரை உலர்ந்தால்தான் கொப்பரை கெடாமல் நிற்கும். ஐப்பசி அடைமழையில் சூரியன் சில நாள் முகம் காட்டாவிட்டால், பருப்பின்மேல் பூசணம் படர்ந்துவிடும். அது முதலில் கொழுப்பை அமிலங்களாகச் சிதைக்கிறது. இந்த அமிலங்கள் மிகுந்தால் பூசணத்துக்கே ஆகாது. ஆகவே அவற்றில் ஒரு பகுதியை மீதைல் கீட்டோன் என்னும் பொருள்களாக மாற்றி வெளியே தள்ளுகிறது. காறிப்போன கொப்பரையில் மூக்கைத் துளைக்கும் வாடைக்கு இவை ஒரு முக்கிய காரணம். பிரான்ஸ் தேசத்தில் ராக்ஃபோர் என்ற நீலம் பாய்ந்த பாலாடைக் கட்டியை விரும்பி வாங்கி உண்கிறார்கள். அதன் மணமும் பெரும்பாலும் இதே மீதைல் கீட்டோன்கள்தாம். ஒரு பூசணத்தின் கைவேலைதான். அங்கே விருந்து, இங்கே செக்குக்காரர் முகத்தைச் சுளிக்கிறார்!

வாடை அடித்தால் மூக்காவது எச்சரிக்கும். கடலையில் நாம் அஞ்ச வேண்டிய விஷத்துக்கு அந்த வாடையும் கிடையாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீனியில் கலந்திருந்த பிரேஸில் கடலைப் பிண்ணாக்கில், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷத்தை விளைவித்திருந்தது. கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது அது. வறுத்தாலும் முழுவதும் அழிவதில்லை. காய் முற்றும் தருணத்தில் மழை பொய்த்தால் இப்பூசணம் செடியிலேயே காய்க்குள் புகுந்துவிடும். மானாவாரிக் கடலைக்கு, அதிலும் புதுக்கோட்டைச் சீமையில், இது சாமானியமான ஆபத்து அல்ல.

கடலையைப் பறித்தவுடன், ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாமல் காயவைக்க வேண்டும். உடைந்த காய்களைச் சேர்த்துக் கட்டக்கூடாது. வீட்டில் சுருங்கியும் நிறம் மாறியும் இருக்கும் பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிடுவதே நலம். மனிதருக்கு ஆகாததை மாட்டுக்குப் போடலாமென்று சிலர் நினைக்கிறார்கள். பசு தின்ற பிண்ணாக்கில் உள்ள விஷத்தில் ஒரு பங்கு, சற்றே உருமாறி, அதன் பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைத்தான் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம்.