பொது மரத்தில் மயிர்க்கொட்டி

முகாம் வளவிலோ பள்ளிக்கூட முற்றத்திலோ நிற்கும் முருங்கையில் மயிர்க்கொட்டி பிடித்தால், இரண்டு யோசனைகள்தான் முதலில் வரும். ஒன்று மரத்தைத் தறிப்பது, மற்றது யாரிடமாவது தெளிகருவி இரவல் வாங்கி மருந்தடிப்பது. சொந்த வளவென்றால் வீட்டுக்காரர் புழுவைக் கண்ட அன்றே ஏதாவது செய்திருப்பார். பொது மரத்துக்கு உடைமைக்காரர் இல்லை. ஆளையாள் பார்த்திருந்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கடி தொடங்கிய பிறகுதான் கோடரியைத் தேடுகிறோம்.

தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலைக் கழித்தவர்களுக்கு ஒரு மர நிழலின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை. முருங்கையென்றால் நிழலோடு இலைக்கறியும் காயும் சேர்ந்து போய்விடும். இத்தனைக்கும் அந்தப் புழுவை அழிக்க ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீரும் நாலு பேரும் போதும். நேரம் அறிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முருங்கை மயிர்க்கொட்டி ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழுப்பருவம். தாய்ப்பூச்சி முட்டைகளை இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாக இடும். பொரித்த புழுக்களும் கலைந்து போவதில்லை. இலையையும் பட்டையையும் தின்றுவிட்டு, பகலில் அடிமரத்தில் கம்பளி போர்த்தது போல ஒன்றாக அப்பிக் கிடக்கும். பார்க்க அருவருப்பான அந்தக் கூட்டம்தான் எமக்கு வாய்ப்பு. மரமெங்கும் ஏறித் தேடாமல், கைக்கெட்டும் உயரத்திலேயே பெரும்பகுதியை ஒரே முறையில் பிடித்துவிடலாம்.

எங்கள் பெரியவர்கள் இந்த நேரம் பார்த்துத்தான் பந்தம் கொளுத்திச் சுட்டார்கள். பரந்த வளவில் அது சரி. கிடுகுக் கொட்டில்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் பந்தம் ஆபத்து. சூட்டில் மயிர்கள் காற்றில் பறந்து மூக்கிலும் கண்ணிலும் படும், மரத்தின் பட்டையும் கருகும். ஆகவே தும்புத்தடியை நீண்ட கம்பில் கட்டி, அடிமரத்தின் கீழ் உரப்பையை விரித்து, புழுக்களை மெதுவாக வழித்து விழுத்துங்கள். உடனே சவர்க்காரத்தூள் கரைத்த வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். செத்தபின் ஆழமாகப் புதைக்க வேண்டும். குவித்து எரிக்க வேண்டாம்.

வேலைசெய்பவர்கள் நீளக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும். கைக்கு ஒன்றுமில்லாவிட்டால் சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டலாம். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். கொடியில் காயும் உடுப்புகளை முதலே எடுத்துவிடுங்கள். பலருக்குக் கடி வருவது புழுவால் நேரே அல்ல, உடுப்பில் ஒட்டிய மயிரால்.

மயிர் பட்ட தோலை உரஞ்சக் கூடாது, உரஞ்சினால் இன்னும் உள்ளே ஏறும். செலோரேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம்.

மருந்தடிப்பதை நாம் விரும்பாததற்குக் காரணம் உண்டு. உயர்ந்த மரத்துக்கு அடிக்கும் மருந்தில் ஒரு பங்கு அடிப்பவர் தலையிலும் பக்கத்துக் கொட்டிலின் உலைப்பானையிலும்தான் விழும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்கும் இலகுவாக இறங்கும். முருங்கையிலையை மறுநாளே யாராவது ஆய்ந்து சமைக்கவும் கூடும். பழைய போத்தல்கள் இன்னும் மோசம். மொனோகுரோட்டோபஸ் இலங்கையில் 1995 இலும் என்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டவை. அப்படியொரு போத்தல் எங்காவது கிடந்தால் திறக்காமல் விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவியுங்கள். மருந்து புழுவோடு நிற்பதுமில்லை. புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளும் சேர்ந்து சாகும்.

தேக்கின் கதை வேறு. வன்னியில் தேக்கு நிற்கும் இடங்களில், மழை விழுந்து தளிர் வந்த கையோடு இலைகளெல்லாம் ஒரு கிழமைக்குள் நரம்பாகிவிடுவதுண்டு. புழுக்கள் நூலில் தொங்கி இறங்குவதைக் கண்டு சனம் பயப்படும். இவற்றுக்குக் கடிக்கும் மயிர் இல்லை. மரமும் சாகாது, திரும்பத் தளிர்க்கும். கேரளத்தில் நிலம்பூர்த் தேக்கந்தோட்டங்களில் செய்த ஆய்வில், இந்தப் புழுவால் இளமரங்கள் தம் வளர்ச்சியில் ஏறத்தாழ 44 வீதத்தை இழந்தன என்று கண்டார்கள். பலகைக்கு வளர்ப்பவருக்கு அது பெரிய நட்டம். நிழலுக்கு நிற்கும் நாலு தேக்குக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. மொட்டையாகிவிட்டதென்று தறிக்காமல் சில கிழமை பொறுத்தால் போதும்.

முருங்கைக்குத் திரும்புவோம். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். மழைக்குப் பின் அதிலிருந்து பூச்சிகள் வெளிவரும். அந்த இரவுகளில் கொட்டில்களுக்குத் தூரமாக ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, சிறிது மண்ணெண்ணெய் சேர்த்து, அதற்கு மேலே லாம்பைத் தொங்கவிட்டால் பூச்சிகள் வந்து விழும். காலையில் பிள்ளைகள் எழும்ப முன் அந்தத் தண்ணீரைக் குழியில் ஊற்றி மூடிவிடுங்கள். பிறகு ஓரிரு கிழமைக்கு இலைகளைப் புரட்டிப் பார்த்து, முட்டைக் கூட்டம் இருந்தால் இலையோடு கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம். மழைக்கு முதல் மரத்தடி மண்ணை மேலாகக் கொத்திவிட்டால், மிச்சத்தைக் கோழிகள் கிளறிப் பார்த்துக்கொள்ளும்.